செலவு ‘சி’

சேரன்மகாதேவி விலக்கில் பஸ் இறக்கிவிட்டால்
கன்னடியன் கால்வாய்க் கரையோடு பத்து நிமிட நடை.
நான்கு வகுப்பறை, ஒரு மாட்டுக்கொட்டகை,
பதினோரு ஏக்கர், நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
பல்கலைக்கழகம் என்று வளைவில் எழுதியிருக்கிறது.
‘ழ’வின் கால் போன ஐப்பசியில் உதிர்ந்துபோனது.

திங்கள் முதல் மணி பண்ணை மேலாண்மை.
தேய்மானத்தில் தொடங்குவேன்.
வாங்கிய விலையில் கடைசி மதிப்பைக் கழி,
உழைக்கும் ஆண்டுகளால் வகு.
டிராக்டருக்குச் சரியாக வந்தது.
காளைக்கு வந்தபோது
கடைசி பெஞ்சிலிருந்து சொரிமுத்து எழுந்தான்.
“கடைசி மதிப்பு பூச்சியம்னு போட்டிருக்கீங்க மேடம்.
செவ்வாக்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு வந்து பாருங்க.”
அழித்துவிட்டு அவன் சொன்ன எண்ணை எழுதினேன்.
பாடப்புத்தகத்தில் அந்தக் காளை
இன்னும் பூச்சியத்துக்கே செத்துக்கொண்டிருக்கிறது.

இடர் பற்றிய பாடம்:
குலை தள்ளிய ஆயிரம் ஏத்தன் வாழை,
ஆனிக் காற்றில் நூற்றுக்குப் பத்து சாயும் என்று கொள்க.
களக்காட்டு ஜெபசிங் பேனாவை மூடி வைத்துவிட்டான்.
“சாஞ்சா மொத்தமும் சாயும் மேடம்.
காத்து எண்ணிப் பாத்துத் தள்ளாது.”

புதன்கிழமை செலவு வகைகள்.
ஏ ஒன்று, கையை விட்டுப் போன காசு:
விதை, உரம், நடவு, உழவு வாடகை.
பி, சொந்த நிலத்துக்கும் குத்தகை உண்டென்று எண்ணுவது.
சி, வீட்டு ஆள் உழைப்பு.
கொடுக்காத கூலியைக் கொடுத்ததாகக் கூட்ட வேண்டும்.
பிசானத்து அம்பை பதினாறு, இரண்டு ஏக்கர்,
அவரவர் வீட்டுக் கணக்கைக் கேட்டிருந்தேன்.

வீரவநல்லூர் முப்பிடாதியின் நோட்டில்
பி வரை பத்தாயிரத்து நூறு மிச்சம்.
சியில் அம்மையை எழுதியிருந்தாள்.
களை பறித்த பகல் பதினெட்டு,
மடை காத்த இரவு ஒன்பது,
ஒவ்வொன்றுக்கும் ஐநூறு.
வரப்புக்குக் கஞ்சி சுமந்ததற்கு எதிரே
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
அடியில் சிவப்பு மையில்:
நஷ்டம் மூவாயிரத்து நானூறு.

“அம்மையைச் சேத்தா நஷ்டம் மேடம்.
விட்டுட்டா லாபம். எதை எழுத?”

சேர்க்கத்தான் வேண்டும் என்றேன்.

“அப்ப இந்தப் பதிமூவாயிரத்து ஐநூற
அவியளுக்கு யாரு குடுக்கணும்?”

கரும்பலகையில் அதற்குக் கட்டம் போடவில்லை நான்.
இது கணக்கில் வரும் கூலி, கைக்கு வராது;
வாய்ப்புச் செலவு என்று பெயர்;
வேறெங்காவது போயிருந்தால் கிடைத்திருக்கும் காசு
என்று சொல்லிக்கொண்டே போனேன்.

“எங்க போயிருப்பாவ?” என்றாள்.
மடக்குவதற்காகக் கேட்கவில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பி உண்மையாகவே யோசித்தாள்,
அம்மை போயிருக்கக்கூடிய ஊர்களை.
மணி அடித்துவிட்டது.

மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவள் நான்.
நோட்டுத் திருத்தும் இரவு அதில் சேராது.
நாற்பத்திரண்டு நோட்டு, தேங்காய்ச் சில் போல் தேய்ந்த நிலா,
கீழ்வீட்டில் யாரோ சட்டி கழுவும் சத்தம்.
என் பெயரை ஒரு தாளில் எழுதி
பக்கத்தில் ‘சி’ என்று போட்டுவிட்டு
தூங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை நோட்டு திரும்ப வந்தது.
இரவு ஒன்பது, பதினொன்றாகியிருந்தது.
நஷ்டம் நாலாயிரத்து நானூறு.
“வாசிச்சுக் காட்டினேன் மேடம்.
‘ஏட்டி, ரெண்டு ராத்திரிய விட்டுட்டியே’ன்னு
வையுதாவ.”

பக்கத்தின் அடியில், நான் கேட்காத இடத்தில்,
கோணல் கோணலாக ஒரு கையெழுத்து:
மு. பேராச்சி.
பேனாவை அழுத்தியதில்
அடுத்த பக்கத்திலும் பெயர் விழுந்திருந்தது.

பத்துக்கு ஒன்பது போட்டேன்.
கஞ்சியின் கேள்விக்குறி அப்படியே இருந்ததற்காக
ஒன்று குறைத்தேன்.
சரியான விடை எனக்கும் தெரியாது.